ஒரே தீவு, மூன்று நிற மணல்

ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் பெரிய தீவைக் கரையோரமாகச் சுற்றி வந்தால், தென்கிழக்கில் புனலூவு கடற்கரையில் கரிய மணல் கிடக்கும். தென்முனைக்கு அருகே பாபகோலேயாவில் மணல் பச்சை. வடமேற்கே ஹாபுனாவுக்குப் போனால் வெளிர் மஞ்சள். சுற்றிலும் அதே பசிபிக் கடல்தான், அதே வெப்பமண்டல வெயில்தான். மணல் மட்டும் ஏன் இப்படி மாறுகிறது?

0.06 மில்லிமீட்டரில் இருந்து 2 மில்லிமீட்டர் வரை உள்ள எந்தத் துகளையும் புவியியலார் மணல் என்றுதான் சொல்வார்கள். அது கல்லாக இருக்கலாம், சங்கு உடைந்த தூளாக இருக்கலாம். அதனால் ஒவ்வொரு கரையிலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தத் துகள்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான்.

கரிய மணலின் பிறப்பு அதிரடியானது. 1,100 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பத்தோடு ஓடிவரும் எரிமலைக் குழம்பு கடலில் விழுந்ததும் சட்டென்று உறைந்து, வெடித்துச் சிதறுகிறது. அந்தச் சிதறல்களை அலை ஒதுக்கிச் சேர்த்தால் சில வாரங்களில் ஒரு கடற்கரையே உருவாகிவிடும். 2018-இல் கீலாவேயா எரிமலை பொங்கியபோது பொஹோயிகி என்ற இடத்தில் அப்படித்தான் புதிய கருமணல் கரை தோன்றி, அங்கிருந்த படகுத்துறையின் வாயையே அடைத்துவிட்டது. கொடுத்த எரிமலையே எடுத்துக்கொள்வதும் உண்டு. புகழ்பெற்ற கைமு கருமணல் கரை 1990-இல் எரிமலைக் குழம்புக்கு அடியில் புதைந்து போனது. குழம்பு நின்றுவிட்டால் புது மணல் வரத்தும் நின்றுவிடும். அப்புறம் இருப்பதை அலை கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோகும்.

பச்சை மணலும் எரிமலை தந்ததுதான், ஆனால் அதைப் பிரித்தெடுத்தது கடல். பாபகோலேயாவின் பின்னால் நிற்பது சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த ஒரு சிறிய எரிமலைக் கூம்பு. அதன் சாம்பலுக்குள் ஒலிவின் என்ற பச்சைக் கனிமம் மணிமணியாகப் புதைந்திருக்கிறது. அலை கூம்பை அரித்து எல்லாவற்றையும் கீழே தள்ளுகிறது. ஒலிவின் தண்ணீரைவிட மூன்று மடங்குக்கும் மேல் அடர்த்தி உடையது. எரிமலைச் சாம்பல் ஒலிவினைவிட இலேசானது. முறத்தில் புடைக்கும்போது பதர் பறந்து மணி தங்குவது போல, சாம்பலை அலை அடித்துச் செல்ல, ஒலிவின் கரையில் தங்குகிறது. கூம்பு கரைந்து தீரும் வரைதான் அந்தப் பச்சை இருக்கும்.

சரி, வெளிர் மணல்? அங்கேதான் கதை கல்லில் இருந்து உயிருக்கு மாறுகிறது. வடமேற்குக் கரையின் கோஹாலா, தீவின் எரிமலைகளிலேயே மூத்தது. பவளப்பாறை வளர நிலையான கரையும் நீண்ட காலமும் வேண்டும். புதுக் குழம்பு வந்து வந்து மூடும் தென்கிழக்கில் அது எளிதல்ல. பவளம், சிப்பி, சுண்ணாம்பு படிந்த கடற்பாசி இவற்றின் துணுக்குகள்தான் பெரும்பாலும் அந்த வெளிர் மணல். இவற்றை அலை உடைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அலைக்கு நிகரான, சில இடங்களில் அதைவிடப் பெரிய ஆலை ஒன்று உண்டு: கிளிமீன். கிளியின் அலகு போன்ற பற்களால் பாறை மேல் உள்ள பாசியைச் சுரண்டும்போது பாறையையும் சேர்த்துக் கடித்து, தொண்டைக்குள் இருக்கும் இன்னொரு பல்வரிசையால் அரைத்து விழுங்குகிறது. சத்து உடலில் சேர, சுண்ணாம்புத் தூள் மணலாக வெளியேறுகிறது. மாலத்தீவின் வக்காரு தீவைச் சுற்றி நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. அங்கே புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீன்கள் தருவது என்று அது கணக்கிட்டது. கிளிமீனைப் பிடித்துத் தீர்த்துவிட்டு, கரை தேய்கிறதே என்று கல் கொட்டித் தடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மணல் வரத்தைக் காக்காமல் மணலைக் காக்க முடியாது.

நிறத்தைப் போலவே கரையின் சரிவும் மணலைப் பொறுத்தது. பருமணலில் ஏறி வரும் அலைநீர் துகள்களின் இடைவெளிக்குள் இறங்கிவிடும். திரும்பும் நீருக்கு வேகம் இருக்காது, கொண்டுவந்த மணலை மேலேயே விட்டுவிடும். அதனால் கரை செங்குத்தாகிறது. நுண்மணலில் நீர் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. திரும்பும்போது மணலையும் இழுத்துப்போகிறது, கரை தட்டையாகிறது. பருவமும் இதில் கை வைக்கும். அதே தீவின் மேற்கில் ‘மேஜிக் சாண்ட்ஸ்’ என்று அழைக்கப்படும் கரையில், பெரிய அலைகள் வந்தால் மணல் சில நாட்களிலேயே காணாமல் போய்ப் பாறை மட்டும் நிற்கும். மணல் தொலைந்துவிடுவதில்லை. சற்றுத் தள்ளிக் கடலுக்கு அடியில் திட்டாகக் கிடந்து, கடல் அமைதியானதும் சிற்றலைகளால் மெல்லக் கரையேறுகிறது.

இந்த வேறுபாடுகள் கண்ணுக்கு அழகு என்பதோடு முடிவதில்லை. கடலாமை முட்டைகளில் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் சூடு. சுமார் 29 டிகிரிக்கு மேலே போனால் பெண் குஞ்சுகள் கூடும், குறைந்தால் ஆண் குஞ்சுகள் கூடும். கரிய மணல் வெயிலை உறிஞ்சிச் சூடேறுகிறது, வெளிர் மணல் பெருமளவைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அட்லாண்டிக்கில் உள்ள அசென்ஷன் என்ற ஒரே தீவில், கருமணல் கரையின் கூடுகள் வெளிர்மணல் கரையின் கூடுகளைவிடச் சூடாக இருப்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். பூமி சூடாகிவரும் இந்தக் காலத்தில் ஆண் குஞ்சுகள் பொரிய ஏற்ற குளிர்ந்த கூடுகள் வெளிர்மணல் கரைகளில்தான் அதிகம் எஞ்சும்.