தொலையும் ‘ப’, திணறும் ‘க’

அரபு பேசுபவர்கள் ‘பாகிஸ்தான்’ என்பதன் முதல் எழுத்தை ‘பால்’ போல வன்மையாகச் சொல்லாமல், ‘அம்பு’வில் வருவதுபோல் மெலிதாகச் சொல்வது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வன்மையான ‘ப’ அரபியில் இல்லை. தாய்லாந்து மொழியிலோ வேறொரு குறை: ‘அம்பு’வின் ப உண்டு, ‘பந்து’வின் த-வுக்கு நெருங்கிய ஒலியும் உண்டு, ‘தங்கம்’ என்பதில் வரும் க மட்டும் கிடையாது. டச்சு மொழியின் சொந்தச் சொற்களிலும் அது தனி ஒலியாக இல்லை.

மெய்யொலிகள் ஹவாய் மொழியில் 8, காகசஸ் பகுதியைச் சேர்ந்த உபிக் மொழியில் 84. உபிக்கைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் 1992இல் இறந்தார். அதற்கு முன்பே ஆய்வாளர்கள் அவர் பேச்சைப் பதிவு செய்துவைத்தார்கள். எண்ணிக்கை எப்படி மாறினாலும், வெற்றிடம் விழுவது பெரும்பாலும் வன்மையான ‘ப’, ‘தங்கம்’ என்பதன் க ஆகிய அந்த இரண்டு இடங்களில்தான்.

காரணத்தை உங்கள் வாயிலேயே பார்க்கலாம். ‘அம்பு’வின் ப-வுக்கு உதட்டை மூடி, மூக்கு வழியே காற்றை விடாமல், குரலை மட்டும் நீட்டுங்கள். கன்னம் உப்பும், தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். இப்போது ‘தங்கம்’ என்பதன் க-வை அதேபோல் அடைத்து நீட்டுங்கள். குரல் சட்டென்று அடங்கிவிடும்.

குரல்நாண் அதிர, கீழிருந்து மேலே காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வாயை அடைத்ததும் மேலே வந்த காற்று தேங்கி, அழுத்தம் ஏறுகிறது. இரு பக்க அழுத்தமும் நெருங்கிவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். உதட்டில் அடைத்தால் வாய் முழுவதும் காற்றுக்கு இடம், போதாததற்கு விரிந்துகொடுக்கும் கன்னங்கள். பின்நாக்கில் அடைத்தாலோ தொண்டையின் சிறு அறைதான் மிச்சம். கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிடும். ஒலியியலாளர் ஜான் ஓஹாலா விளக்கிய இந்தக் கணக்கு எத்தனை அழகு! ‘பகல்’ என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள்: நாக்கு அண்ணத்தை முழுதாக அடைப்பதே இல்லை. காற்று கசிய வழி கிடைத்து, க ஏறக்குறைய ‘ஹ’ ஆகிவிடுகிறது.

வன்மையான ‘ப’வின் சிக்கல் காதில் இருக்கிறது. ‘கல்’ என்பதன் வன்மையான க-வில் அடைப்பு திறந்து காற்று வெடிக்கும்போது, அதற்கு முன்னாலுள்ள வாயறை அந்த ஓசையைப் பெருக்கிக்கொடுக்கும். உதட்டுக்கு முன்னால் அப்படி ஓர் அறை ஏது? வெடிப்பு மெலிந்து, வெறும் ஊதலாகக் காதில் விழுகிறது; தலைமுறைகள் கடக்கையில் ஊதலாகவே ஆகிவிடுவதும் உண்டு. பழைய ஜப்பானிய ‘ப’ பிற்பாடு ‘ஹ’ ஆனது இப்படித்தான். நம் பால், புலி, பாம்பு மூன்றும் கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹாவு.