குழியைச் செதுக்கும் பந்து

“என் மகளுக்கு ஆறு வயது. மூளை முடக்குவாதம். இன்றுவரை ஓர் அடி நடந்ததில்லை. நடக்காத பிள்ளைக்கு இடுப்பு மூட்டு எப்படி விலகும்?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், ஒரு பக்க மூட்டு பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டது என்றாராம். தூக்கிக் குளிப்பாட்டும்போது நாம்தான் எசகுபிசகாக இழுத்துவிட்டோமோ என்ற அச்சம் கடிதம் முழுக்கத் தெரிகிறது.

அந்த அச்சத்துக்கு இடமில்லை. குளிப்பாட்டுவதாலோ உடை மாற்றுவதாலோ இது வருவதில்லை. அவள் நடக்காததால்தான் மூட்டு விலகுகிறது.

மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி) என்பது மூளைக்கு நேர்ந்த சேதத்தால் உடலசைவு கெடுவது. அந்தச் சேதம் வளர்வதில்லை. ஆனால் உடல் வளர்கிறது. இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் மற்றக் குழந்தைகளைப் போன்ற இடுப்போடுதான் பிறக்கிறார்கள். கோளாறு பிறகு, மெதுவாக, பெரும்பாலும் வலியே இல்லாமல் உருவாகிறது.

இடுப்பு ஒரு பந்துக்கிண்ண மூட்டு என்று பள்ளியில் படித்திருப்போம். தொடை எலும்பின் தலை பந்து. இடுப்பெலும்பில் உள்ள பள்ளம் கிண்ணம். ஆட்டுக்கல்லில் குழவி உட்கார்ந்திருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆட்டுக்கல்லில் குழியை முதலிலேயே கொத்திவிடுகிறார்கள். நம் உடலில் குழி முழுதாக உருவாவதற்கு முன்பே குழவி உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அது அழுத்தி அழுத்தித்தான் தன் குழியை ஆழமாக்கிக்கொள்கிறது. மனித உடலில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடுகளில் இது ஒன்று.

குழந்தையின் கிண்ணத்தின் அடியில் மூன்று எலும்புகள் சந்திக்கின்றன. மூன்றுக்கும் நடுவே ஆங்கில ‘ஒய்’ எழுத்து வடிவில் குருத்தெலும்பு இருக்கிறது. கிண்ணம் அகல்வது அதனால்தான். பந்து நடுவில் உட்கார்ந்து அழுத்தினால், அதைச் சுற்றிக் கிண்ணம் வட்டமாக வளரும். பந்து விளிம்பில் போய் அழுத்தினால் கதையே வேறு. வளரும் குருத்தெலும்பின் மேல் அழுத்தம் அளவுக்கு மிஞ்சினால் அங்கே வளர்ச்சி தணியும். அழுத்தம் குறைந்தால் வளர்ச்சி வேகமெடுக்கும். இதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஹ்யூட்டர், ஃபோல்க்மன் என்ற இரண்டு ஜெர்மானிய மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். நசுங்கும் விளிம்பு வளராமல் சரிவாகிறது. சரிவில் பந்து இன்னும் கொஞ்சம் நழுவுகிறது. நழுவிய பந்து விளிம்பை இன்னும் நசுக்குகிறது.

பந்து ஏன் விளிம்புக்குப் போகிறது? பந்தைத் தண்டோடு இணைக்கும் தொடை எலும்பின் கழுத்தைப் பாருங்கள். பிறக்கும்போது கழுத்துக்கும் எலும்புத் தண்டுக்கும் இடையிலான கோணம் சுமார் 150 பாகை. பெரியவர்களில் அது 125, 130 பாகையாகக் குறைந்திருக்கும். கழுத்து முன்பக்கமாகத் திரும்பியிருக்கும் அளவும் பிறக்கும்போது சுமார் 40 பாகை. வளர்ந்த பின் 15 பாகை அளவுக்கு வந்துவிடும். இந்தக் கோணங்களை மாற்றுவது வயது மட்டுமல்ல, நடையும்தான். ஒற்றைக்காலில் உடல் நிற்கும் ஒவ்வொரு கணமும், இடுப்பு ஒரு பக்கம் சரியாமலிருக்க வெளிப்பக்கத்துப் புட்டத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. அப்போது மூட்டின் மேல் விழும் விசை உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. தத்தித் தத்தி நடக்கும் குழந்தை ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை இப்படித் தன் எலும்பைத் தட்டி வளைக்கிறது. நிற்காத, நடக்காத குழந்தையின் தொடை எலும்பில் பச்சிளம் பருவத்துக் கோணம் அப்படியே தங்கிவிடுகிறது. கழுத்து நிமிர்ந்து நிற்பதால் பந்து கிண்ணத்தின் உட்புறத்தை நோக்காமல் வெளி விளிம்பை நோக்குகிறது. போதாததற்கு, தொடையை உட்பக்கம் இழுக்கும் தசைகளும் மடக்கும் தசைகளும் இறுகிப்போய்ப் பந்தை வெளியே தள்ளுகின்றன.

இறுகிய தசைதான் முழுக் குற்றவாளி என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 2006இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளை இயக்கத் திறனை வைத்து ஐந்து நிலைகளாகப் பிரிப்பார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பாலிசானோவும் பீட்டர் ரோசன்பாமும் சகாக்களும் 1997இல் வகுத்த முறை அது. தடையின்றி நடப்பவர்கள் முதல் நிலை. தலையை நிமிர்த்தி வைக்கவே துணை தேவைப்படுபவர்கள் ஐந்தாம் நிலை. விக்டோரியா ஆய்வில், முதல் நிலையில் இடுப்பு விலகல் இல்லவே இல்லை. ஐந்தாம் நிலையில் 90 சதவீதம். தசை இறுக்கமா தளர்ச்சியா என்பதைப் பொறுத்து இது மாறவில்லை. துவண்ட தசைகளுள்ள குழந்தைகளுக்கும் மூட்டு விலகியது.

விலகலை அளக்கக் கணினிகூட வேண்டாம். எக்ஸ்ரேயில் கிண்ணத்தின் வெளி விளிம்பிலிருந்து நேராக ஒரு கோடு கிழித்து, பந்தின் அகலத்தில் எத்தனை சதவீதம் கோட்டுக்கு வெளியே நிற்கிறது என்று பார்த்தால் போதும். டென்மார்க்கின் ரைமர்ஸ் 1980இல் பரப்பிய அளவு இது. 30 சதவீதத்தைத் தாண்டினால் கவலை; 100 என்றால் மூட்டு முழுதாகக் கழன்றுவிட்டது.

சிகிச்சைக்கு வருவோம். தசை இறுக்கத்தைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசியும் கால்களை அகட்டி வைக்கும் பிரேசும் சேர்ந்து கழல்வதைத் தடுக்கும் என்ற எதிர்பார்ப்பு ஓர் ஆஸ்திரேலியச் சோதனையில் பொய்த்தது. அறுவை சிகிச்சையின் தேவை குறையவில்லை. இறுகிய தசைநாண்களைத் தளர்த்தும் சிறிய அறுவை சிகிச்சை சிலருக்குக் காலம் வாங்கித் தரும். ஆனால் ஐந்தாம் நிலைக் குழந்தைகளுக்கு அது தனியாக நீடித்துப் பலன் தருவது குறைவு. விலகல் மிகுந்துவிட்டால் பெரிய அறுவை சிகிச்சைதான்: தொடை எலும்பை வெட்டி, கோணத்தைக் குறைத்து, திருப்பி, தகடு வைத்து இறுக்குவார்கள். கிண்ணத்தின் கூரை சரிந்திருந்தால் இடுப்பெலும்பையும் வெட்டி அதைக் கீழே வளைப்பார்கள். அந்த இடைவெளியில் செருகப்படும் ஆப்பு, பல நேரங்களில், தொடையிலிருந்து வெட்டியெடுத்த அதே எலும்புத் துண்டு. வலிப்பு, நுரையீரல் தொற்று, ஊட்டக்குறைவு, நலிந்த எலும்பு என்று இந்தக் குழந்தைகளுக்கு ஏற்கெனவே பல சிக்கல்கள் உண்டு என்பதால் இது லேசான முடிவல்ல. பல ஆண்டுகள் கழன்றே கிடந்து பந்து உருக்குலைந்த பிறகு வந்தால், மூட்டை மீட்க முடியாது. வலியைக் குறைக்கப் பந்தையே வெட்டி எடுக்கும் நிலைகூட வரலாம்.

இவற்றுக்கு நடுவே என்னைக் கவர்ந்தது ஒற்றைத் திருகாணி. தைவான் மருத்துவர்கள் சில ஆண்டுகளாக இதை ஆராய்ந்து எழுதிவருகிறார்கள். தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து கழுத்து வழியாக ஒரு திருகாணியைச் செலுத்தி, பந்துக்கு அடியிலுள்ள வளர்ச்சித் தட்டின் (எலும்பு வளரும் குருத்தெலும்பு அடுக்கின்) உட்புறப் பகுதியை மட்டும் குத்திப் பிடிக்கிறார்கள். உட்புறம் வளர்ச்சி நிற்கிறது, வெளிப்புறம் தொடர்கிறது. மாதங்கள் செல்லச் செல்லப் பந்து உள்நோக்கிச் சாய்கிறது. நடை செய்திருக்க வேண்டிய வேலையில் ஒரு பங்கைத் திருகாணி செய்கிறது. கீறல் சிறியது, எலும்பை வெட்டவில்லை. ஆனால் வளர இன்னும் ஆண்டுகள் மிச்சமிருக்க வேண்டும், விலகலும் முற்றியிருக்கக் கூடாது. எலும்பு நீண்டு தட்டு திருகாணியைத் தாண்டிப் போய்விட்டால் மாற்ற வேண்டிவரும். எல்லாருக்கும் பெரிய அறுவை சிகிச்சையைத் தவிர்த்துவிடும் என்றும் சொல்ல முடியாது.

எந்த வழிக்கும் முதல் தேவை, விலகல் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடிப்பது. தென் சுவீடனில் ஸ்கோனே, பிளேக்கிங்கே பகுதிகளில் 1994இல் தொடங்கிய கண்காணிப்புத் திட்டம் இதைத்தான் செய்தது. மூளை முடக்குவாதமுள்ள ஒவ்வொரு குழந்தையையும் பதிவுசெய்து, நிலைக்கேற்ப எக்ஸ்ரே எடுத்து, உரிய நேரத்தில் சிகிச்சை அளித்தார்கள். அதற்கு முன் ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தைக்கு இடுப்பு முழுதாகக் கழன்றது. பின்னர் அது நூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. இதன் முதுகெலும்பு பதிவேடும் எக்ஸ்ரேயும் உரிய நேரத்துச் சிகிச்சையும்தான்.

இந்தியாவிலும் 2022இல் நிபுணர்கள் சேர்ந்து இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறார்கள். தாளில் இருப்பது மாவட்ட மருத்துவமனைக்கு வர, ஓர் எக்ஸ்ரேயின் செலவும் அதைக் கேட்டு வாங்கும் ஒழுங்கும் வேண்டும். அந்தக் காசை ஒதுக்க ஆளில்லை. அதே நேரத்தில் மூளை முடக்குவாதத்துக்கு ஸ்டெம் செல் ஊசி என்று விளம்பரம் செய்து லட்சக்கணக்கில் கறக்கும் கடைகளுக்குக் குறைவில்லை. ஆய்வுக்கு வெளியே அதை விற்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. முன்வினைப் பயன் என்று முகத்துக்கு நேரே சொல்லும் உறவினர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை; ஆனால் இறுகிய காலை வலிந்து இழுத்து நேராக்கும் வைத்தியத்தில் நலிந்த எலும்பு முறிந்துபோகலாம். அதை அனுமதிக்கவே கூடாது.

தானாக நடக்காத குழந்தைக்கு, வலி இல்லாவிட்டாலும், இரண்டு வயதுக்குள் முதல் எக்ஸ்ரேயும் பிறகு பொதுவாக ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறையும் தேவை. தொடைகளை அகட்டக் கடினமாகி டயப்பர் மாற்றுவது சிரமமானாலோ, ஒரு முழங்கால் மற்றதைவிடத் தாழ்ந்து தெரிந்தாலோ, உட்கார வைத்ததும் அழுதாலோ அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். மருத்துவரிடம் விலகல் சதவீதத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள், ஏனெனில் சிகிச்சையை முடிவுசெய்வதில் ஏறும் வேகத்துக்கும் பங்கு உண்டு. படம் எடுக்கும்போது இடுப்பு கோணலாக இருந்தால் அந்த எண்ணே மாறிவிடும். முழங்கால் சில்லுகள் இரண்டும் மேலே பார்க்கும்படி, கால்களை நேராகப் பிடித்துக்கொள்ள வீட்டிலிருந்து ஒருவர் உடன் போவது நல்லது.