ஏலகிரி ஏறும் முன் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் எங்கள் பட்டறைக்கு வருகிற கார்கள் பலவும் ஒரே புகாரோடுதான் வரும்: "வண்டி ஹீட் ஆகுதுண்ணா." வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் அவை. பள்ளிக்கூட விடுமுறை வேறு. குடும்பத்தோடு ஏலகிரிக்கோ திருப்பதி மலைக்கோ கிளம்பிப் பாதி வழியில் நின்ற வண்டிகளாக இருக்கும். என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பட்டியல் நீளும். கூலன்ட் (எஞ்சின் சூட்டை எடுத்துப் போகும் திரவம்) மாற்றியாயிற்று, ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று, ஃபேன் மோட்டார் புதுசு, ஒரு மெக்கானிக், சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிட்டார் (அதை ஒருபோதும் செய்யவிடாதீர்கள்). சரி, மூடியைப் பார்த்தீர்களா என்றால், "அதுக்கென்னண்ணா, டைட்டாத்தானே மூடுது" என்பார்கள்.

அந்த மூடியின் அடியில் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. பெரிய ஸ்பிரிங் போட்ட வால்வு, குக்கரில் வெயிட் செய்கிற வேலையைச் செய்கிறது. எஞ்சின் சூடாகும்போது கூலன்ட் விரியும், உள்ளே அழுத்தம் ஏறும். குறிப்பிட்ட அளவு வரை அந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்து, அதற்கு மேல் போனால் மட்டும் கொஞ்சம் கூலன்டைப் பக்கத்து பாட்டிலுக்குத் தள்ளிவிடும். மூடியின் மேலேயே 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அந்த அழுத்தத்தின் அளவு. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 0.9 மூடி சரியாக இருந்தால் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே போகும்.

மூடி அழுத்தம் பிடிக்கவில்லை என்றால் இந்த வரம்பு மொத்தமும் போய்விடும். ஏலகிரி மலை மேல் இருக்கும் ஊர் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் திறந்த தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். எஞ்சின் சாதாரணமாக ஓடுவதே 90 டிகிரியை ஒட்டித்தான். ஏசி போட்டு, வண்டி நிறைய ஆள் ஏற்றி, 14 கொண்டை ஊசி வளைவையும் ஒன்றாவது இரண்டாவது கியரில் ஏறினால் என்ன ஆகும்? எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டைச் சுற்றி ஓடும் தண்ணீர் அங்கங்கே ஆவிக் குமிழியாக மாறும். ஆவி சூட்டை எடுத்துப் போகாது. அந்த இடத்து இரும்போ அலுமினியமோ தண்ணீர் படாமல் கடுமையாகச் சூடேறும். சென்சார் ஆவியில் மாட்டிக்கொண்டால் டெம்பரேச்சர் முள் ஏறாமலே கூட இருக்கும். அப்புறம் ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கட் போகும், ஹெட் வளையும், லேத்துக்கு அனுப்ப வேண்டிவரும். மூடியின் விலை சில நூறு ரூபாய்தான். ஹெட் இறக்கினால் ஆயிரக்கணக்கில் போய்விடும். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

மூடியின் நடுவில் சின்னதாக ஒரு வட்டத் தகடு இருக்கும். அது இரண்டாவது வால்வு. வண்டியை நிறுத்தி எஞ்சின் ஆறும்போது உள்ளே கூலன்ட் சுருங்கும். அப்போது இந்தச் சின்ன வால்வு திறந்து, பாட்டிலுக்குப் போன கூலன்டைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். இது துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் வரும் அடையாளம் விசித்திரமாக இருக்கும். குடியாத்தத்திலிருந்து ஒரு டிரைவர் தம்பி இப்படித்தான் வந்தார். "காலையில பார்த்தா மேல் ஹோஸ் சப்பையா ஒட்டிக் கிடக்குதுண்ணா, ஓட்டிட்டுப் பார்த்தா நல்லா உப்பி இருக்குது. ஹோஸ் மாத்திட்டேன், புதுசும் அப்படியேதான் இருக்குது." மூடியைக் கழற்றி நடுத் தகட்டை நகத்தால் இழுத்துப் பார்த்தேன். அசையவே இல்லை. வெள்ளை உப்பும் செம்புழுதியும் சேர்ந்து சுண்ணாம்பு போல இறுகியிருந்தது. உள்ளே வெற்றிடம் உண்டாகி, கூலன்ட் வர வழியில்லாமல் ஹோஸையே உறிஞ்சிச் சப்பையாக்கியிருக்கிறது. பாட்டிலில் கூலன்ட் மேல் கோடு வரை நிறைந்திருந்தது, ரேடியேட்டரைத் திறந்து பார்த்தால் ஒரு லிட்டருக்கு மேல் பிடித்தது.

இதை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். பாட்டில் நிறைந்திருந்தால் ரேடியேட்டரும் நிறைந்திருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. மூடியின் மேல் ரப்பர் கிழிந்தாலும், மூடி உட்காரும் ரேடியேட்டர் கழுத்திலிருந்து பாட்டிலுக்குப் போகிற சின்ன டியூப் வெடித்தாலும் இதே கதைதான். கூலன்டுக்குப் பதில் காற்றை இழுக்கும்.

அந்த வெள்ளை உப்பு எங்கிருந்து வந்தது? போர் தண்ணீரிலிருந்து. நம் பக்கத்து நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, குளியலறை வாளியைப் பார்த்தாலே தெரியும். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த வழக்கு 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போயிற்று. அந்தத் தண்ணீரை அலுமினிய ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே அடைப்பு, அரிப்பு, மூடி உட்காரும் இடத்தில் படிவு எல்லாம் வரும். படிவு இருக்கும் இடத்தில் ரப்பர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிடிக்காது. கலந்தே வருகிற கூலன்டை அப்படியே ஊற்றுங்கள். கலக்க வேண்டிய வகை என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். வழியில் வேறு வழியில்லாமல் குழாய்த் தண்ணீர் ஊற்றினீர்கள் என்றால் ஊருக்குத் திரும்பியதும் வடித்து மாற்றிவிடுங்கள்.

மூடியைப் பார்க்க வேண்டியது காலையில், எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு. ரப்பர் விறைத்திருக்கிறதா, வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். நடுத் தகட்டை இழுத்து விட்டால் டக்கென்று திரும்ப உட்கார வேண்டும். ரேடியேட்டர் கழுத்தின் உள்விளிம்பில் விரலை ஓட்டுங்கள், சொரசொரப்பு இருக்கக் கூடாது. மூடியைச் சுற்றிப் பச்சையாகவோ வெள்ளையாகவோ கறை இருந்தால் அங்கே கசிவு இருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்ததைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதற்குக் கைப்பம்பு போட்ட டெஸ்டர் இருக்கிறது. கூலன்ட் மாற்ற வருகிற ஒவ்வொரு வண்டியின் மூடியையும் நான் அதில் வைத்துப் பார்த்துவிடுவேன், நீங்களும் உங்கள் மெக்கானிக்கிடம் அப்படிச் சோதிக்கச் சொல்லுங்கள்.

புது மூடி வாங்கும்போது பழையதில் இருந்த அதே எண். "1.1 போட்டா இன்னும் ஹீட் தாங்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இப்போதைய ரேடியேட்டர்களின் தொட்டி பிளாஸ்டிக். 0.9-க்குச் செய்த வண்டியில் அழுத்தம் கூடினால் அதன் விளிம்போ பழைய ஹோஸோ விட்டுப்போகும். சில வண்டிகளில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது, அழுத்தம் பிடிக்கும் மூடி பாட்டில் மேலேயே திருகியிருக்கும். அதற்கும் இதே விதிதான்.

இனி, மலைப்பாதையில் வண்டி கொதித்துவிட்டால். முள் ஏறுவது தெரிந்ததும் ஏசியை அணைத்து ஓரங்கட்டுங்கள். ஆவி வந்தால் எஞ்சினை நிறுத்துங்கள். மூடியைத் தொடாதீர்கள். ஈரத்துணி போட்டுத் திறக்கலாம் என்பார்கள், அதுவும் வேண்டாம். அழுத்தம் இருக்கும் வரைதான் உள்ளே தண்ணீர் தண்ணீராக இருக்கிறது. மூடி விலகிய நொடியில் ஒரு பகுதி ஆவியாகும், ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும். மிச்சத் தண்ணீரையும் அது முகத்துக்கு நேரே வீசும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருங்கள். மேல் ஹோஸைத் தொட்டால் கை தாங்க வேண்டும், அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும். அதன் பிறகு மூடியை முதலில் தட்டி நிற்கும் இடம் வரை மட்டும் திருப்பி, சீறல் நின்றதும் அழுத்தித் திறங்கள். காய்ந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள், ஹெட் வெடிக்கும்.

யாருக்காவது சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மோதிரம், வாட்ச் இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள். பேஸ்ட், இங்க், மாவு எதையும் பூச வேண்டாம். முகத்திலோ கண்ணிலோ பட்டிருந்தால் தண்ணீர் காட்டிக்கொண்டே 108-க்கு அழையுங்கள்.