சீன மாணவர்கள் ஆங்கிலக் கருத்தறிதலில் எங்கே வழுக்குகிறார்கள்?

சிங்கப்பூரில் ஆங்கிலத் தேர்வுகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சீனாவில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்காக ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுத வேண்டியவர்கள். சீனாவிலிருந்தபடியே அங்குள்ள முதுகலை நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் சிலருக்கும் இணையவழியில் பாடம் எடுக்கிறேன். ஆங்கிலச் சொற்களை இவர்கள் அளவுக்குக் கடுமையாக மனப்பாடம் செய்பவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனாலும் கருத்தறிதலில், அதாவது உரையைப் படித்து வினாக்களுக்கு விடை சொல்லும் பகுதியில், மட்டும் மதிப்பெண் ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகிறது. இன்னும் ஆயிரம் சொல் படித்தால் சரியாகிவிடும் என்று மாணவர்களும் நம்புகிறார்கள், பெற்றோரும் நம்புகிறார்கள். பெரும்பாலும் சரியாவதில்லை.

இதில் இவ்வளவு பதற்றம் ஏன் என்பதற்குத் தேர்வின் அளவைச் சொல்ல வேண்டும். சீனாவின் தேசியக் கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவ் எழுத 2024-இல் பதிவு செய்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் பேர். ஆங்கிலத் தாள் ஜூன் 8 பிற்பகலில், இரண்டு மணி நேரம், 150 மதிப்பெண். பல மாகாணங்கள் பயன்படுத்தும் புதிய தேசிய வினாத்தாளில் வாசிப்புக்கு மட்டும் 50 மதிப்பெண் இருக்கிறது. நான்கு உரைப்பகுதிகளில் 15 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மதிப்பெண். அடுத்து, ஐந்து வாக்கியங்கள் உருவப்பட்ட ஒரு கட்டுரை. கீழே ஏழு வாக்கியங்களைக் கொடுத்து, எந்த ஐந்து எங்கே பொருந்தும் என்று கேட்பார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போனால் நான்காம் நிலை ஆங்கிலத் தேர்வு காத்திருக்கும். அதில் மொத்தம் 710, வாசிப்பின் பங்கு 35 சதவீதம். முதுகலை நுழைவுத் தேர்வின் ஆங்கிலம் முதல் தாளில் நான்கு உரைப்பகுதிகளே 100-க்கு 40 மதிப்பெண்ணைத் தீர்மானிக்கின்றன. 'வாசிப்பைப் பிடித்தவன் நாட்டைப் பிடித்தவன்' என்று பயிற்சி மையங்களில் சொல்வார்கள். விளம்பர வாசகம்தான், ஆனால் கணக்கு பொய்யில்லை.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் மாணவர்கள் முதலில் ஓடுவது சொல் பட்டியலிடம். முதுகலைத் தேர்வுக்கு 5,500 சொல் என்பது எல்லோர் வாயிலும் புழங்கும் எண். கைபேசிச் செயலிகளில் தினமும் சொல் படித்து, எத்தனை நாள் விடாமல் படித்தோம் என்று நண்பர்களுக்குக் காட்டிக்கொள்வார்கள். அகர வரிசைப் பட்டியல்களில் முதலில் நிற்கும் சொல் 'அபேண்டன்', அதாவது கைவிடு. முதல் சொல்லைப் படித்ததுமே பட்டியலைக் கைவிட்டோம் என்பது சீன மாணவர்களிடையே பல காலமாக ஓடும் நகைச்சுவை. என் கவலை கைவிடாமல் கடைசிவரை படித்தவர்களைப் பற்றியது. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரே ஒரு சீனப் பொருளை ஒட்டிவைத்திருப்பார்கள். 'அட்ரஸ்' என்றால் முகவரி. ஓர் அரசு ஒரு சிக்கலை 'அட்ரஸ்' செய்கிறது, அதாவது தீர்க்க முனைகிறது, என்று உரையில் வந்தால், அங்கே முகவரிக்கு என்ன வேலை என்று திகைத்து நிற்பார்கள். முதுகலைத் தேர்வில் வினா அமைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அரிய சொற்களைவிட, பழகிய சொல்லின் பழகாத பொருளை வைத்துத்தான் அவர்கள் அதிகம் ஆழம் பார்ப்பார்கள்.

ஆனால் சொல்லைவிடப் பெரிய இடர் வாக்கியத்தில் இருக்கிறது. சீன மொழியில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறுவதில்லை. பெயரை விளக்கும் தொடர் எவ்வளவு நீண்டாலும் பெயருக்கு முன்னால்தான் வரும். இந்த இரண்டாவது விஷயத்தில் சீனமும் தமிழும் ஒரே பக்கம். 'சென்ற ஆண்டு ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட பாலம் இடிந்தது' என்று நாம் சொல்லும் வரிசையில்தான் அவர்களும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் பாலம் முதலில் வந்துவிடும், கட்டப்பட்ட விவரம் அதன் பின்னால் நீளும், இடிந்த செய்தி கடைசியில்தான் வரும். இடையில் 'விச்' போன்ற இணைப்புச் சொல் இருந்தால் மாணவர் விழித்துக்கொள்வார். அதுவும் இல்லாமல் 'பில்ட்' மட்டும் நின்றால், அதையே முற்றுவினை என்று எடுத்துக்கொள்வார். சென்ற ஆண்டு பாலம் கட்டினார்கள் என்ற செய்தி அவர் மனத்தில் உட்கார்ந்துவிடும், இடிந்தது நழுவிப்போகும். வினாவோ இடிந்ததைப் பற்றித்தான் இருக்கும்.

தமிழில் படித்து வளர்ந்த ஆசிரியருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. நமக்குப் பெயரெச்சம், முற்று என்ற வேறுபாடு பள்ளியிலேயே பழக்கம். அந்தக் கண்ணோடு ஆங்கில வாக்கியத்தைப் பார்க்கவே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு நீண்ட வாக்கியத்தைக் கொடுத்து, பொருள் சொல்ல வேண்டாம், முற்றுவினையை மட்டும் வட்டமிடு என்பேன். பிறகு அந்த வினைக்கு உரியவர் யார் என்று கோடு இழுக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். இரண்டு மூன்று வாரம் நாளுக்கு ஐந்து வாக்கியம் என்று செய்தவர்களின் வாசிப்பு வேகம் கூடுவதைக் கண்டிருக்கிறேன். ஒரே வாக்கியத்தை மூன்று முறை திரும்பப் படிப்பது குறைவதுதான் காரணம்.

வாக்கியம் பிடிபட்ட பிறகும் ஒரு தடை உண்டு. ஹூனான் மாகாணத்திலிருந்து வந்த ஒரு மாணவி, காவ்காவில் ஆங்கிலத்தில் மிக நல்ல மதிப்பெண் வாங்கியவள், ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, "லாவ்ஷி, இதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை" என்றாள். ஆசிரியரை அவர்கள் அழைக்கும் முறை அது. "சரி, இதில் யார் யாரை மறுக்கிறார்கள், சொல்" என்று கேட்டேன். நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதுகலைத் தேர்வுக்கான உரைப்பகுதிகள் பெரும்பாலும் ஆங்கில வார இதழ்களிலும் நாளிதழ்களிலும் வந்த கருத்துக் கட்டுரைகளைச் சுருக்கி எடுத்தவை. அந்த எழுத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் பத்தியில் ஊரார் நம்புவதை மிக நியாயமாக எடுத்து வைப்பார்கள், இரண்டாம் பத்தியில் ஓர் 'ஆனால்' வரும், அதற்குப் பிறகுதான் எழுதியவரின் சொந்தக் கருத்து. சீனப் பள்ளிகளில் கட்டுரை எழுதப் பழக்கும் முறை வேறு. முதலில் உன் கருத்தை நிறுத்து, பிறகு சான்றுகளை அடுக்கு என்பார்கள். அதனால் முதல் பத்தியில் சொன்னதுதான் ஆசிரியர் கருத்து என்று எடுத்துக்கொண்டு, தலைகீழான விடையை முழு நம்பிக்கையோடு தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். இப்படித் தவறியவர்களுக்குச் சொல் பட்டியல் எந்த உதவியும் செய்யாது. ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் 'இது யார் குரல்' என்று எழுதிவைக்கச் சொல்கிறேன்: எழுதியவர், எதிராளி, ஆய்வாளர், அரசு. அவ்வளவுதான்.

அடுத்தது, நான்கு விடைத் தெரிவுகளில் சரியானதை ஊகிக்கும் குறுக்கு வழிகள். 'மூன்று நீளம், ஒன்று குட்டை என்றால் குட்டையை எடு. மூன்று குட்டை, ஒன்று நீளம் என்றால் நீளத்தை எடு' என்ற எதுகைப் பாட்டைக் கேட்காத சீன மாணவர் அரிது. தெரியாவிட்டால் மூன்றாம் தெரிவு என்பது இன்னொன்று. 'எப்போதும்', 'மட்டுமே' போன்ற சொல் வந்தால் அந்தத் தெரிவு தவறு என்பது மற்றொன்று. இந்தக் கடைசி விதிதான் மிக ஆபத்தானது. பாதி நேரம் உண்மையாக இருப்பதால் மாணவர் அதை முழுவதும் நம்பிவிடுகிறார். உரையிலேயே 'மட்டுமே' என்று இருந்தால் தெரிவில் 'மட்டுமே' இருப்பதில் என்ன தவறு?

பயிற்சி மையங்கள் கற்பிக்கும் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடவும் நான் தயாரில்லை. தவறான தெரிவுகளை அவர்கள் வகைப்படுத்தும் விதம் உண்மையிலேயே கூர்மையானது: உரையில் இல்லாததை உண்டாக்குவது, ஒன்றின் இடத்தில் அதைப் போன்ற இன்னொன்றை வைப்பது, ஒரு பகுதியை முழுமைபோலக் காட்டுவது, காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றுவது. சிக்கல் என்னவென்றால், மாணவர்கள் இதை விடையைப் பார்த்த பிறகு ஒட்டும் முத்திரையாக மட்டும் பயன்படுத்துகிறார்கள். தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, 'இந்தத் தெரிவு எந்த வரியைத் திரிக்கிறது' என்று விரல் வைத்துக் காட்டினால்தான் அது திறமையாக மாறும்.

ஐயெல்ட்ஸுக்கு வரும்போது இன்னொரு பள்ளம். அங்கே மூன்று உரைப்பகுதிகள், 40 வினாக்கள், 60 நிமிடம். ஒரு கூற்று சரியா, தவறா, அல்லது உரையில் சொல்லப்படவில்லையா என்று கேட்கும் வகைதான் என் மாணவர்களை அதிகம் சாய்க்கிறது. காவ்காவின் வாசிப்பு வினாக்கள் நான்கு தெரிவுகளில் ஒன்றை எடுக்கச் சொல்பவை. எதையாவது தேர்ந்துதான் ஆக வேண்டும். 'உரையில் இல்லை' என்பதே விடையாக இருக்கக்கூடும் என்பதை ஏற்க மனம் மறுக்கிறது. நான் வகுப்பில் தரும் எடுத்துக்காட்டு இது: ஓர் ஊரில் 1950-க்குப் பிறகு பட்டு நெசவு நலிந்தது, அதே ஆண்டுகளில் செயற்கை இழைத் துணி சந்தைக்கு வந்தது என்று உரை சொல்கிறது. 'செயற்கை இழை வந்ததால் பட்டு நெசவு நலிந்தது' என்பது கூற்று. ஏறக்குறைய எல்லோரும் சரி என்பார்கள். உரை இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததே தவிர, ஒன்றால் மற்றது என்று சொல்லவில்லை. பொது அறிவு நிறைந்த மாணவர்தான் இதில் அதிகம் விழுகிறார்.

தாய்மொழித் தேர்வின் பழக்கமும் இதில் கலந்திருக்கிறது. 2017-இல் செஜியாங் மாகாணத்தின் சீன மொழித் தாளில் வந்த ஒரு சிறுகதை, மீனின் கண்ணில் மின்னும் ஒரு விசித்திர ஒளியோடு முடிந்தது. அந்த முடிவைப் பற்றிய வினா சீன இணையத்தில் பெரும் கேலிக்கும் விவாதத்துக்கும் உள்ளானது. அத்தகைய வினாக்களுக்கு ஆழத்தில் ஒளிந்திருக்கும் கருத்தைத் தோண்டி எடுத்து எழுதிப் பழகியவர்கள், ஆங்கிலத்திலும் தோண்டுகிறார்கள். ஆங்கிலத் தேர்வின் அனுமான வினா அவ்வளவு ஆழம் கேட்பதில்லை. உரையின் ஒரு வரியிலிருந்து ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், இரண்டாவது அடி வைத்தால் தவறு.

பழைய வினாத்தாள்களை அடுக்கடுக்காகச் செய்வதைச் சீனாவில் 'ஷுவா தி' என்பார்கள். நாளுக்கு மூன்று தாள், விடை சரிபார்ப்பு, சிவப்பு மையில் மதிப்பெண், அடுத்த தாள். இதில் வாசிப்பு எங்கே நடக்கிறது? பழைய தாள்கள் விலைமதிப்புள்ளவை, ஆகவே அவற்றை வீணாக்கக் கூடாது என்பது என் கட்சி. ஓர் உரைப்பகுதியை முதல் நாள் நேரம் வைத்துச் செய்யட்டும், ஆனால் விடையைப் பார்க்க வேண்டாம். மறுநாள் நேரக் கட்டுப்பாடும் அகராதியும் இல்லாமல் அதையே படித்து, பத்திக்கு ஒரு வரி எழுதட்டும். அந்த வரி சீனத்தில் இருக்கட்டும். ஆங்கிலத்திலேயே சிந்தி என்று அதட்டும் ஆசிரியர்களோடு நான் உடன்படுவதில்லை. ஆங்கிலத்தில் சுருக்கச் சொன்னால் மாணவர் உரையின் சொற்களையே வெட்டி ஒட்டிவிடுவார், புரிந்ததா என்று அவருக்கே தெரியாது. மூன்றாம் நாள்தான் விடைத்தாள். சரியாக எழுதிய வினாவுக்கும்கூட மற்ற மூன்று தெரிவுகள் ஏன் தவறு என்று வரியைக் காட்ட வேண்டும். வாரத்துக்கு இரண்டு உரைப்பகுதிக்கு மேல் இப்படிச் செய்ய முடியாது. முடிய வேண்டிய தேவையும் இல்லை.

இத்தோடு எளிய வாசிப்பு தினமும் கால் மணி நேரம். பெரிய ஆங்கில இதழ்களின் தளங்கள் பல சீனாவுக்குள் திறப்பதில்லை. அதனால் தட்டுப்பாடு என்று நினைக்க வேண்டாம். 'சைனா டெய்லி', ஷாங்காயிலிருந்து வரும் 'சிக்ஸ்த் டோன்' போன்றவை உள்ளூர்ச் செய்திகளை ஆங்கிலத்தில் தருகின்றன. உணவகம், வாடகை, அதிவேக ரயில் என்று தனக்கு முன்பே தெரிந்த செய்தியைப் படிக்கும்போது கவனம் வாக்கியத்தின் மீது போகும். தெரியாத உலகத்தைத் தெரியாத வாக்கியத்தில் படிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. 'தேர்ச்சி உறுதி' வகுப்புகளிலும், முந்தைய தேர்வெழுதியவர்களின் நினைவிலிருந்து தொகுத்ததாகச் சொல்லி விற்கும் ஐயெல்ட்ஸ் வினாத் தொகுப்புகளிலும் பணத்தைப் போடாதீர்கள். நினைவிலிருந்து எழுதிய விடையை மனப்பாடம் செய்தவர், தேர்வறையில் அதே தலைப்பைக் கண்டதும் உரையைப் படிப்பதையே நிறுத்திவிடுகிறார். வினா வேறாக இருக்கும். காவ்காவுக்கோ முதுகலைத் தேர்வுக்கோ முன்கூட்டியே வினாத்தாள் கிடைக்கும் என்று கைபேசியில் செய்தி வந்தால் அது மோசடி, இல்லையென்றால் குற்றம். சீனக் குற்றவியல் சட்டத்தில் 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, இத்தகைய தேசியத் தேர்வுகளில் முறைகேட்டை ஒருங்கிணைப்பவர்களுக்கு ஏழு ஆண்டு வரை சிறை.

தேர்வு நாளுக்கான குறிப்புகள் குறைவு. காவ்காவின் முதல் உரைப்பகுதி பெரும்பாலும் சுற்றுலா, வகுப்பு, அருங்காட்சியகம் போன்றவற்றின் அறிவிப்பாக இருக்கும். அதற்கு மட்டும் வினாவை முதலில் படித்துவிட்டுத் தகவலைத் தேடுங்கள்; மற்ற மூன்றுக்கும் உரையை முதலில் படியுங்கள். ஐந்து வாக்கியம் பொருத்தும் பகுதியில் இடைவெளிக்கு முன்னும் பின்னும் உள்ள சுட்டுச் சொற்களைப் பாருங்கள். 'அது', 'அவர்கள்' யாரைக் குறிக்கின்றன என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஐயெல்ட்ஸைத் தாளில் எழுதுபவர்கள் விடைகளை விடைத்தாளில் பெயர்த்து எழுதுவதும் அந்த 60 நிமிடத்துக்குள்தான். அதற்கென்று தனி நேரம் கேட்டல் பகுதியில் மட்டும் உண்டு. எழுத்துப் பிழை இருந்தால் மதிப்பெண் போய்விடும். ஆகவே வினாத்தாளில் குறித்துவைத்துக் கடைசியில் மொத்தமாகப் பெயர்க்காமல், ஒவ்வோர் உரைப்பகுதி முடிந்ததும் அதன் விடைகளை உடனே எழுதிவிடுங்கள்.