15 நிமிட நாற்காலி மசாஜ்: தோள்பட்டைக்குள் என்ன நடக்கிறது?

“நாற்காலி மசாஜ் உண்மையிலேயே வேலை செய்யுமா, இல்லை எல்லாம் மனப்பிரமையா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அலுவலகத்துக்கு ஆள் வந்து செய்துவிட்டுப் போகிறாராம். எழுந்ததும் தோள் லேசாகிவிடுகிறதாம். ஆனால் “உடம்பில் இருக்கிற நச்செல்லாம் இறங்கிடும், நிறைய தண்ணி குடிங்க” என்று வந்தவர் சொன்னதுதான் இடிக்கிறதாம். இடிக்க வேண்டியதுதான். தோள் லேசாவது நிஜம், நச்சு இறங்குவது கதை.

முதலில் நாற்காலி. மோட்டார் வைத்து முதுகை உருட்டுகிற யந்திரத்தைப் பற்றி இங்கே பேசவில்லை. இது முன்பக்கமாகச் சாய்ந்து உட்காரும் நாற்காலி. முழங்கால்கள் மடிந்து இரண்டு திண்டுகளில் ஊன்றியிருக்கும், நெஞ்சு ஒரு மெத்தைப் பலகையில் சாயும், கைகள் முன்னால் ஒரு தட்டில் கிடக்கும், முகம் லாட வடிவ வளையத்துக்குள் புதையும். சட்டையைக் கழற்ற வேண்டாம், எண்ணெய் வேண்டாம், படுக்கவும் வேண்டாம் என்றால் கூச்சப்படுகிறவர்களும் வருவார்கள் என்று 1980களில் சான்ஃபிரான்சிஸ்கோவில் டேவிட் பால்மர் என்ற மசாஜ் பயிற்சியாளர் கணக்குப் போட்டார். 1986இல் இதற்கென்றே வடிவமைத்த நாற்காலி சந்தைக்கு வந்தது.

பாதி வேலையை அந்த நாற்காலியே செய்துவிடுகிறது என்பது என் கட்சி. மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ. குனிந்து திரையைப் பார்க்கும்போது அந்த எடை கழுத்துக்கு முன்னால் போய்விடும், பிடரித் தசைகள் அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் (நெம்புகோல் கணக்கு, பள்ளியில் படித்ததுதான்). நெற்றியும் கன்னமும் வளையத்தில் பதிந்ததும் சுமை நாற்காலிக்குப் போய்விடுகிறது. சரி, சுமை இறங்கியதும் தசையும் ஓய்ந்துவிடுமே என்றால், அங்கேதான் வேடிக்கை.

தோள்பட்டையில் கை வைத்ததும் அகப்படுகிற தசை டிரபீசியஸ். மண்டையோட்டின் அடியில் தொடங்கி, தோள் முனை வரை விரிந்து, முதுகின் நடுவைத் தாண்டி இறங்குகிறது. எந்தத் தசையும் மொத்தமாகச் சுருங்குவதில்லை. தண்டுவடத்திலிருந்து வரும் ஒவ்வொரு இயக்க நரம்பு செல்லும் தனக்கென ஒரு கொத்து தசை இழைகளை வைத்திருக்கிறது. அந்த நரம்பு செல்லும் அதன் கொத்தும் சேர்ந்தால் ஓர் இயக்க அலகு. இவற்றில் சிறியவை உண்டு, பெரியவை உண்டு. வேலை வரும்போது சிறியவை முதலில் எழும், விசை கூடக்கூடப் பெரியவை சேரும், வேலை முடிந்து ஓயும்போது பெரியவை முதலில் போய்ச் சிறியவை கடைசியில் போகும் என்று எல்வுட் ஹென்னமனும் கூட்டாளிகளும் 1965இல் காட்டினார்கள். உடம்புக்கு இது நல்ல சிக்கனம். பேனா பிடிப்பதற்கு மூட்டை தூக்கும் இழைகளை எழுப்ப வேண்டியதில்லை பாருங்கள்.

ஆனால் சிறிய அலகுகளின் நிலைமையை யோசியுங்கள். வேலை எவ்வளவு லேசாக இருந்தாலும், அது நடக்கிற வரைக்கும் அவற்றுக்கு விடுப்பே கிடையாது! கையை மவுஸ் மேல் வைத்திருக்கத் தோள்பட்டைக்குத் தேவைப்படுவது அதன் முழு வலிமையில் ஒரு சிறு பங்குதான், மொத்தத் தசையைப் பார்த்தால் சும்மா இருப்பது போலவே தோன்றும், உள்ளே அதே சில கொத்துகள் மட்டும் மணிக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும். எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் படுக்கப்போகிற இந்த இழைகள்தான் பழுதடைந்து வலியைக் கிளப்புகின்றன என்று ஸ்வீடன் ஆய்வாளர் யோரான் ஹேக் 1991இல் சொன்னார். ஓயாமல் வீட்டு வேலை செய்த தேவதைக்கதைப் பெண்ணின் பெயரால் சிண்ட்ரெல்லா கருதுகோள் என்று அதற்குப் பெயர். எல்லா வலிக்கும் இதுவே காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. என்றாலும் லேசான வேலை ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதற்கு இவ்வளவு அழகான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

இதற்குத் துணையாக ஓர் ஆய்வு. நார்வேயில் பொட்டலம் கட்டும் வேலைக்குப் புதிதாக வந்த பெண்களின் தோள்பட்டையில் மின்வாய்களை ஒட்டி, வேலை நேரத்தில் தசையின் மின் அலைகளைப் பதிவு செய்தார்கள். அந்த அலை முழு வலிமைக்குரிய அளவில் 0.5 சதவீதத்துக்கும் கீழே, வெறும் 0.2 வினாடியாவது இறங்கினால் அதை ஓர் இடைவெளி என்று எண்ணினார்கள். கண் சிமிட்டுகிற நேரம்தான், நமக்கே தெரியாது. ஆனால் பின்னாளில் வலி என்று வந்து நின்றவர்களுக்கு, வலி தொடங்கும் முன்பே இந்தக் குட்டி இடைவெளிகள் குறைவாக இருந்தன. செய்த வேலை எல்லோருக்கும் ஒன்றுதான்.

மன அழுத்தம் இதில் எங்கே வருகிறது? 1994இல் ஸ்வீடனில் உல்ஃப் லுண்ட்பெரியும் குழுவினரும் மனக்கணக்குப் போடச் சொன்னார்கள், நீல மையில் எழுதிய ‘சிவப்பு’ என்ற சொல்லைக் காட்டி மையின் நிறத்தைக் கேட்டார்கள். உடம்பால் தூக்க வேண்டியது ஒன்றுமே இல்லை. ஆனாலும் டிரபீசியஸ் விழித்துக்கொண்டது. அதாவது மேலாளரின் மின்னஞ்சலைப் படிக்கும்போதும் அந்தச் சின்ன அலகுகளுக்குப் பணி நேரம்தான்.

நாற்காலி மசாஜ் செய்கிறவர்களுக்கு இது கைப்பழக்கத்தில் தெரியும். தட்டில் கிடக்கும் கையை மணிக்கட்டில் பிடித்து மெல்லத் தூக்கிவிட்டு, தன் பிடியைத் தளர்த்துவார். தளர்ந்திருக்கும் கை தொப்பென்று விழ வேண்டும். பலருக்கு அது அந்தரத்திலேயே நிற்கும்! “நான் ரிலாக்ஸாத்தானே இருக்கேன்” என்று வளையத்துக்குள்ளிருந்து குரல் வேறு வரும்.

அப்புறம் கைகளின் வேலை. முன்கையை ஊன்றித் தன் உடல் எடையைச் சாய்த்து மெதுவாக அழுத்தும்போது மூன்று விஷயங்கள் நடக்கின்றன. வலிச் செய்தி வினாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் வேகத்தில் ஊர்ந்து வருகிற நரம்புகளிலும் வரும், தொடுகைச் செய்தி அதைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும் தடித்த நரம்புகளில் வரும். இரண்டும் தண்டுவடத்தில் சந்திக்கும்போது தொடுகை வலியை அடக்குகிறது. இடித்துக்கொண்ட இடத்தை நாம் தேய்ப்பது இதனால்தான் (1965இல் மெல்ஸாக், வால் இருவரும் முன்வைத்த ‘வாயில்’ கோட்பாடு). இரண்டாவது, மிதமான அழுத்தத்தில் இதயத்துடிப்பு நிதானப்பட்டு, உடலை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பின் கை ஓங்குகிறது. மெல்லத் தடவினால் இது நடக்கவில்லை என்று மிகேல் தியேகோ, டிஃபனி ஃபீல்ட் இருவரும் 2009இல் எழுதினார்கள். மூன்றாவதுதான் நம் கதைக்கு நேரடியாகச் சேர்வது. பிசைந்துகொண்டிருக்கும்போது தசைக்குக் கட்டளை தரும் தண்டுவட நரம்பு செல்களே சற்று மந்தமாகின்றன என்று 1990இல் கனடாவில் கெண்டைக்கால் தசையில் அளந்து பார்த்தார்கள். கையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன!

ஆக, உள்ளே கிடந்த முடிச்சை உடைத்து நொறுக்கி யாரும் வெளியேற்றவில்லை. விடாமல் ஓடிய சில கொத்துகளுக்கு 15 நிமிடம் இடைவெளி கிடைத்தது. லாக்டிக் அமிலம் பிழிந்து வெளியேறுகிறது என்பதும் சும்மா. கடும் உடற்பயிற்சிக்குப் பிறகுகூட அது ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே வடிந்துவிடும், உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவருக்கு அது சேர்வதே இல்லை. மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் பெருமளவு குறைகிறது என்று விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்டோபர் மோயரும் குழுவினரும் 2011இல் ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது அந்தக் குறைவு பெரும்பாலும் பூஜ்யத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. மனப்பதற்றம் தணிவது மட்டும் ஓரளவு தெளிவாகத் தெரிகிறது.

இந்தத் துறையில் ஆய்வுகள் பெரும்பாலும் சின்னச் சின்னதாகவே இருப்பதில் ஆச்சரியமில்லை. மருந்து ஆய்வில் போலி மாத்திரை கொடுக்கலாம், போலி மசாஜை யாரிடம் செய்து ஏமாற்றுவது? கையால் அழுத்துவதற்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது, அதனால் நிறுவனப் பணம் வராது. அரசு நிதி தருகிறவர்களுக்கோ இது சொகுசு சமாச்சாரம். தோள், கழுத்து வலியால் வேலைநாட்கள் எத்தனை வீணாகின்றன என்று பார்த்தால் இந்த அலட்சியம் எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. மிச்ச இடத்தை நச்சுக்கதை நிரப்புகிறது.

வாசகருக்கு: தாராளமாக உட்காருங்கள். காய்ச்சல், காலில் ரத்த உறைவு, புதிதாக எலும்பு முறிவு இருந்தால் வேண்டாம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம், கொஞ்சம் நிதானமாக எழுங்கள். கடைசியில் கழுத்தைப் பிடித்துச் சடக்கென்று திருப்பி நெட்டி முறிக்க வந்தால் மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். அந்தத் திருப்பலில் கழுத்தெலும்புகளுக்குள் ஏறும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதத்தில் முடிவது அபூர்வம்தான், ஆனால் அப்படி நடந்திருக்கிறது.