திருமணம் முந்தியதா, பி.ஆர். முந்தியதா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வழக்கறிஞராக இருக்கும் நான் திருமணப் பதிவு, உறுதிமொழிப் பத்திரம் சார்ந்த வேலைகளையே அதிகம் பார்க்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் வந்து உட்கார்ந்ததும், மருமகளை அனுப்பிவைக்க என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று கேட்பார்கள். நான் முதலில் கேட்பது இரண்டு தேதிகளை. சட்டப்படி திருமணம் நடந்த நாள் எது, பையன் வெளிநாட்டில் நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) பெற்ற நாள் எது? ஆவணங்களைப் பிறகு திரட்டிக்கொள்ளலாம். தேதிகளின் வரிசையை மாற்ற முடியாது.

நம் பக்கத்தில் இப்போது ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, விசாவுக்கு நாளாகும் என்று திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் எளிமையாகத் தாலி கட்டி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்துவிட்டு, மண்டபம், வரவேற்பு, சீர்வரிசை அனைத்தையும் தை மாதத்துக்குத் தள்ளிவைத்துவிடுகிறார்கள். அதுவரை பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். உறவினர் பலருக்குப் பதிவு நடந்ததே தெரியாது. இந்து திருமணச் சட்டத்தின்கீழ் பதிவு என்பது ஏற்கெனவே நடந்து முடிந்த திருமணத்தைப் பதிவுசெய்வதுதான் என்பதால், சான்றிதழில் திருமண நாளாகத் திருவந்திபுரத்துத் தேதியே இருக்கும். தை மாதம் வரை பையன் மணமாகாதவன் என்று குடும்பம் கருதலாம், சட்டம் கருதாது.

கனடா செல்பவர்களுக்கு இது பெரும் இடராக முடிகிறது. மணமாகாதவர் என்று விண்ணப்பித்து பி.ஆர். விசா பெற்றவர், கனடாவில் போய் இறங்குவதற்குள் திருமணம் செய்துகொண்டால், அதை இறங்கும் முன்பே குடிவரவுத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மனைவி அவருடன் செல்லாவிட்டாலும் அவரையும் அதிகாரிகள் பரிசோதிக்க வேண்டும். சொல்லாமல் இறங்கினால், அந்நாட்டுக் குடிவரவு விதி 117(9)(டி)-இன்படி அந்த மனைவி, குடும்பத்தினர் என்ற முறையில் அழைத்துக்கொள்ளக்கூடியவர்களின் பிரிவான குடும்ப வகையிலிருந்தே விலக்கப்படுகிறார். பிறகு அவரைத் தம் பொறுப்பில் அழைத்துக்கொள்ள ஸ்பான்சர் விண்ணப்பம் போட்டால், சான்றிதழில் உள்ள திருமணத் தேதியே கணவருக்கு எதிரான சான்றாகிவிடும். உண்மையை மறைத்ததாக முடிவானால் அவருடைய பி.ஆர். பறிபோகும் நிலையும் வரலாம்.

‘இப்போது சொன்னால் தாமதமாகும், போய்ச் சேர்ந்த பிறகு மனைவியைச் சேர்த்துக்கொள்ளலாம்’ என்று சில முகவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். இதைவிடத் தீங்கான ஆலோசனை இந்தத் துறையில் இல்லை என்பேன். தெரிவித்தால் சில மாதங்கள் தாமதமாகலாம், ஆனால் தெரிவிக்காமல் போனவர்களுக்கோ, மனிதாபிமான அடிப்படையில் விலக்குக் கேட்டு அதிகாரியின் விருப்புரிமைக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை. அப்படி ஏற்கெனவே இறங்கிவிட்டவர்கள் மேலும் ஒரு படிவத்தை நிரப்புவதற்கு முன், கனடாவில் உரிமம் பெற்ற குடிவரவு வழக்கறிஞரிடம் முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும்.

பி.ஆர். ஆன பிறகு ஊருக்கு வந்து மணந்தவர்களுக்கு வழி நேரானது. ஆனாலும், கனடியக் குடிமகனுக்கு உள்ள சலுகை பி.ஆர். உள்ளவருக்கு இல்லை: மனைவிக்கு ஸ்பான்சராக இருக்கும் காலத்தில் அவர் கனடாவிலேயே வசிக்க வேண்டும். விசா வரும்வரை மனைவியோடு கடலூரில் இருந்துவிடலாம் என்று வேலையை விட்டு வருபவர்களின் விண்ணப்பம் இதனாலேயே நிராகரிக்கப்படக்கூடும். மனைவி பி.ஆர். ஆன நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு அவரைப் பராமரிக்கும் பொறுப்பையும் கணவர் ஏற்கிறார். இடையில் மணமுறிவு ஏற்பட்டாலும் அந்தப் பொறுப்பு நீங்குவதில்லை என்பதைப் பெண் வீட்டாரும் அறிந்திருப்பது நல்லது. மணமக்களில் ஒருவர் நேரில் இல்லாமல் தொலைபேசியிலோ காணொளியிலோ நடத்தும் திருமணத்தை 2015 ஜூன் முதல் கனடா ஏற்பதில்லை.

அமெரிக்காவிலும் தேதிதான் முடிவுசெய்கிறது, ஆனால் பலன் வேறு. வேலைவழி கிரீன் கார்டு (அந்நாட்டு நிரந்தர வசிப்புரிமை) கிடைப்பதற்கு முன்பே மணந்திருந்தால், கணவரின் விண்ணப்பத்தைத் தொடர்ந்தே மனைவியும் செல்ல வழியுண்டு. பிறகு மணந்தால், கிரீன் கார்டு உள்ளவர்களின் மனைவி, பிள்ளைகளுக்கான எஃப்-2ஏ என்ற விசா வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம். கணவர் குடியுரிமை பெற்றுவிட்டால் அந்த வரிசை இல்லை.

கோயில் ரசீது திருமணப் பதிவுச் சான்றிதழுக்கு ஈடாகாது. 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள், தவறினால் அபராதத்தோடு 150 நாட்களுக்குள் பதிய வேண்டும். கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுமையாகவும் திருமணச் சான்றிதழில் வெறும் இனிஷியலாகவும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் இணைக்க வேண்டும். தாலி கட்டியது ஆவணியிலும் வரவேற்பு தையிலும் நடந்திருந்தால், இரண்டு நிகழ்ச்சிகளின் படங்களையும் தேதியிட்டு வைத்து, ஏன் இரண்டாக நடந்தது, இடைப்பட்ட காலத்தில் இருவரும் எங்கெங்கே இருந்தார்கள் என்று ஒரு பக்கக் கடிதத்தில் எழுதிவிடுங்கள். நம் ஊர் வழக்கம் தெரியாத அதிகாரிக்கு, விளக்கம் இல்லாத இரண்டு கல்யாண ஆல்பங்கள் சந்தேகத்தையே தரும்.