பெட்டியைக் காப்பது டிப்ஸ் அல்ல, டேக்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பயண முகவராக எனக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. நவம்பரில் சொகுசுக் கப்பல்களின் பருவம் தொடங்கியதும் இந்நகரின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலிருந்து நம்மவர்கள் மொசாம்பிக் பக்கம் போகப் பதிவு செய்ய வருவார்கள். கடைசியில் எழுந்து நின்று, கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்பார்கள்: "போர்ட்டருக்குக் காசு கொடுக்காவிட்டால் பெட்டி அறைக்கு வராதாமே?"

இந்தப் பேச்சை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. சென்ற பருவத்தில் எனக்கு அக்கா முறையாகும் ஒருவர், கப்பல் கிளம்பும் முன்பே தொலைபேசியில் அழைத்தார். வீட்டுக்காரரின் பெட்டி வந்துவிட்டது, அவருடையது வரவில்லை. "கையில் 200 ராண்ட் நோட்டுதான் இருந்தது தம்பி. அதைக் கொடுக்க மனம் வரவில்லை. அந்த ஆள் பழிவாங்கிவிட்டான்" என்றார். பெட்டிக்குள் என்னென்ன வைத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். புடவைகள், எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு. பிறகு மெல்ல, "ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டி" என்றார். கப்பலில் தீ விபத்துக்கு அஞ்சுகிற அளவுக்கு வேறெதற்கும் அஞ்ச மாட்டார்கள். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், மெழுகுவத்தி எதற்கும் அனுமதி கிடையாது. ஸ்கேனரில் அது தெரிந்ததும் பெட்டியைத் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள். பாவம், போர்ட்டர் என்ன செய்வார்?

முனையத்தின் வாசலில் உங்கள் பெட்டியை வாங்குபவர் கப்பல் ஊழியர் அல்லர், கரையில் வேலை செய்பவர். வண்டியில் ஏற்றி ஸ்கேனருக்கு அனுப்புவதோடு அவர் வேலை முடிந்துவிடும். கப்பலுக்குள் போனபின் டேக்கில் உள்ள அறை எண்ணைப் பார்த்துத் தளம் தளமாகப் பிரித்து உங்கள் கதவருகே வைப்பவர்கள் வேறு ஆட்கள். நீங்கள் வாசலில் கொடுத்த 20 ராண்ட் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. டேக் கிழிந்துபோனால்தான் பெட்டி வழிதவறும். பயணச்சீட்டோடு வரும் டேக்கை அச்சிட்டுக் கைப்பிடியில் சுற்றி ஸ்டேப்ளர் அடித்து, மேலே செல்லோ டேப் ஒட்டுங்கள். பழைய விமான டேக்குகளைப் பிய்த்தெறியுங்கள். பெயரும் அறை எண்ணும் எழுதிய தாள் ஒன்றைப் பெட்டிக்குள்ளும் வையுங்கள். மாத்திரைகளும் பாஸ்போர்ட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டோடு பெட்டியை ஒப்படைத்துவிட்டு விழித்த ஒரு தம்பதிக்காக, போர்ட்டர் ஒருவர் வண்டி வண்டியாகத் தேடிக் கொண்டுவந்து கொடுத்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் டிப்ஸ் வேண்டாமா? கொடுங்கள் என்றுதான் சொல்வேன். என் தாத்தா இதே துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலையானவன் அல்ல. பல கப்பல்களில் நாள்தோறும் கணக்கில் ஏறும் சேவைக் கட்டணம் கப்பல் ஊழியர்களுக்கானது. கரையில் நிற்பவருக்கு அதில் பங்கு இல்லை. 2025 மார்ச்சில் இந்நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட். அதை வைத்துப் பார்த்தால், பெட்டிக்கு 10 முதல் 20 ராண்ட் என்று நான் சொல்லும் கணக்கு உங்களுக்குச் சின்னது, அவருக்குச் சின்னதல்ல. சக்கர நாற்காலியில் பெரியவர்களை அழைத்துவந்தால் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். அமெரிக்கத் துறைமுகங்களில் பெட்டிக்கு ஒன்றிரண்டு டாலர் வழக்கம் என்பதற்காக, அதை ராண்டாக மாற்றிப் பார்த்து மலைக்க வேண்டாம்.

கப்பலில் எல்லாம் அட்டைக் கணக்கு என்பதால் பலர் ரொக்கமே எடுத்துவருவதில்லை. முந்தின நாளே 10, 20 ராண்ட் நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது முகம் பார்த்துக் கொடுங்கள். அவர் "சாவுபோனா" என்றால் தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர்கள் பதற வேண்டாம், ஜூலு மொழியில் அது வணக்கம்.

இது கட்டாயமில்லை. கட்டணம் என்று சொல்லி யாராவது கறாராகக் கேட்டால் மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: மது பாட்டிலை விட்டுவிடும்படி பாதுகாப்புச் சோதனையில் இருப்பவர் கையில் 50 ராண்டைத் திணிப்பது டிப்ஸ் அல்ல, லஞ்சம். 2004ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டப்படி வாங்குபவரைப் போலவே கொடுப்பவரும் குற்றவாளிதான்.

அந்த அக்கா இந்த ஆண்டும் போனார். 20 ராண்ட் நோட்டுகளைத் தனியே மடித்து வைத்திருந்தார், இஸ்திரிப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டார். மாம்பழம் நறுக்கும் கத்தியைப் பற்றி மட்டும் அவர் என்னிடம் கேட்கவில்லை.